கடைசியாக வருகிறவருக்காக யார் நிற்பார்கள்?



நேற்று இரவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து மூன்று பேர் வெளியேறிவிட்டார்கள். அதில் ஒருவன் என் சொந்தத் தம்பி. ஃபேஸ்புக்கிலிருந்து இன்னும் வெளியேறவில்லை என்பதால், இதைப் படிப்பான் என்று நம்பி எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதில்லை. மணி அடித்த பிறகும் ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தானே விடுவேன்.

சண்டை எதற்கு என்றால், ஓட்டப்பந்தயத்துக்கு. தம்பி மகளுக்கு வயது 42. இரண்டு பிள்ளைகள், வேலை, வீடு, இரண்டு வருடமாகச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ரேஸ்கோர்ஸ் பக்கம் காலையில் நடக்க ஆரம்பித்தாள். நடை கொஞ்சம் வேகமாகி, இப்போது நடுநடுவே ஓடுகிறாள். போன வாரம் யாரோ அனுப்பிய ஒரு போஸ்டரைக் குழுவில் போட்டாள். வனப்பூங்கா ஒன்றில் 5 கிலோமீட்டர் மண்பாதை ஓட்டம், முதல்முறை ஓடுகிறவர்களும் வரலாம் என்று போட்டிருந்தது. 'அத்தை, நான் பேர் கொடுக்கட்டுமா?' என்று என்னிடம்தான் கேட்டாள். பதில் சொன்னது மற்ற எல்லோரும். 'இந்த வயசுல எதுக்கு', 'காட்டுல போய் விழுந்து வைக்கவா', 'சர்க்கரைக்காரிக்கு கால்ல புண்ணு வந்தா ஆறுமா' என்று வரிசையாக வந்தது. அண்ணன் மகன் ஒருவன் மட்டும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவனுக்கும் திட்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் ஓடலாம், ஓட வேண்டும். ஆனால் 'முதல்முறை ஓடுகிறவர்களுக்கு' என்று போஸ்டரில் அச்சடித்துவிட்டால் மட்டும் அது அவர்களுக்கான ஓட்டம் ஆகிவிடாது. அந்த ஓட்டத்தை நடத்துகிறவர்கள், முதலாவதாக வருகிறவனுக்கு என்ன செய்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். கடைசியாக வருகிறவளுக்கு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். தம்பியோடு எனக்குப் பாதிச் சண்டைதான். மீதிப் பாதியில் அவன் சொல்வது சரி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன்.

நான் கணக்கு டீச்சர் என்றாலும் ஸ்போர்ட்ஸ் டே வந்தால் எனக்கு முடிவுக் கோட்டில்தான் டியூட்டி. கயிற்றின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை இன்னொரு டீச்சர். முதல், இரண்டாவது, மூன்றாவது என்று மூன்று பிள்ளைகளின் நெஞ்சு நம்பரை எழுதிக்கொண்டு மேடைக்கு அனுப்ப வேண்டும். மூன்று நம்பர் எழுதியாகிவிட்டால் வேலை முடிந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பந்தயத்துக்குப் போய்விடுவோம். முப்பது வருடத்துக்கும் மேலாக இதைச் செய்திருக்கிறேன். ஒருநாள்கூடத் தவறாகத் தோன்றியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் பழைய மாணவிகள் சந்திப்பு ஒன்றில் ஒரு பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது நர்ஸாக இருக்கிறாள். 'டீச்சர், எட்டாவது படிக்கும்போது 800 மீட்டர்ல ஓடினேன். நான் ஓடி முடிக்கும்போது நீங்க கயிற்றைச் சுருட்டிட்டுப் போயிட்டிருந்தீங்க. கோடு மட்டும்தான் இருந்துச்சு' என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அந்தப் பந்தயமே நினைவில்லை. அதுதான் இன்னும் மோசம். 'அப்புறம் ஓடவே இல்ல டீச்சர்' என்று ஒரு வார்த்தை சேர்த்தாள்.

நம் பள்ளிக்கூடங்களில் ஓட்டம் என்றால் வடிகட்டுவதுதான். 40 பிள்ளைகளில் மூன்று பேரைக் கண்டுபிடித்துவிட்டு 37 பேருக்கு 'உனக்கு ஓட்டம் வராது' என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை. எந்தப் பாடத்திலாவது இத்தனை பேரைத் தோற்கடித்திருந்தால் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். நம் சக்கிமங்கலம் ரேவதி வெறுங்காலோடு ஓடத் தொடங்கி டோக்கியோ ஒலிம்பிக் வரை போனபோது ஊரே கொண்டாடினோம், நானும் டிவி முன்னால் கைதட்டினேன். அந்தத் திறமை ஊருக்கு ஒருவருக்கு வாய்க்கும். மற்றவர்களுக்கும் இரண்டு கால் இருக்கிறதே, அதற்கு என்ன வழி செய்தோம்?

நான் ஓய்வு பெற்றது 2018 மே மாதம். மறு வருடம் பிப்ரவரியில் என் மகள் என்னை ஆரோவில் மாரத்தானுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் சென்னையில் வேலை பார்க்கிறவள், ஓடுகிறவள். 'அம்மா, நீ 10 கிலோமீட்டர்ல பேர் குடுத்திருக்க' என்று பஸ் ஏறிய பிறகுதான் சொன்னாள். நான் சல்வாரும் சாதாரண கேன்வாஸ் ஷூவுமாகப் போய் நின்றேன்.

ஆரோவில் ஓட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: புதுச்சேரிக்குப் பக்கத்தில், 2008-இலிருந்து நடக்கிறது. தார்ச்சாலையில் இல்லை, செம்மண் பாதையில், மரங்களுக்கு நடுவே. ஆரோவில் நகரம் 1968-இல் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் மழைநீர் அரித்துப் போட்ட செம்மண் பொட்டல். இன்று நிற்கிற காடு மனிதர்கள் வைத்து வளர்த்தது. மழைநீர் ஓடிப்போகாமல் வரப்பு கட்டி, கன்று கன்றாக நட்டு வந்த காடு. அந்தக் காட்டுக்குள் முழு மாரத்தான், அரை மாரத்தான், 10 கிலோமீட்டர் என்று ஓடுகிறார்கள். விசேஷம் என்னவென்றால் பரிசு கிடையாது. முதலாவது, இரண்டாவது என்று மேடை கிடையாது. ஓடுவதன் சந்தோஷத்துக்காக ஓடுவது என்று சொல்லித்தான் நடத்துகிறார்கள்.

நான் எப்படி ஓடினேன் என்று கேட்காதீர்கள். முதல் ஒரு கிலோமீட்டர் வீராப்பாக ஓடி, மூச்சு வாங்கி, ஒரு முந்திரி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் நின்று தண்ணீர் கொடுத்து, 'மெதுவா, மெதுவா' என்று தமிழில் சொன்னார். பிறகு அவரோடு நடந்தேன், கொஞ்சம் ஓடினேன், நடந்தேன். மண்பாதையில் ஓடுவது தார்ச்சாலையில் ஓடுவது மாதிரி இல்லை என்பது அங்கேதான் உடம்புக்குப் புரிந்தது. ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி விழுகிறது. இங்கே வேர், அங்கே சரளை, அடுத்து மணல். எட்டு வைப்பதைச் சின்னதாக்கிக்கொள்ள வேண்டும். காலுக்குக் கீழே பார்க்கக் கூடாது, மூன்று நான்கு அடி முன்னால் பார்க்க வேண்டும். மேட்டில் நடந்துவிட வேண்டும், வெட்கமில்லாமல். நன்றாக ஓடுகிறவர்களும் மேட்டில் நடக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் ரோட்டில் எடுக்கிற நேரத்துக்கும் இங்கே எடுக்கிற நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஓட்டம் தெரியாதவர்களுக்கு இது பெரிய வசதி. வேகமாக ஓடவில்லையே என்ற குற்ற உணர்ச்சியைப் பாதையே எடுத்துப்போட்டு விடுகிறது.

நான் முடிக்கும்போது எனக்குப் பின்னால் பத்துப் பேர் இருந்திருந்தால் அதிகம். ஆனால் கோட்டில் ஆள் இருந்தார்கள். கைதட்டினார்கள். ஒரு சின்னப் பெண் வாழைப்பழம் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மகள் வெயில் என்று நினைத்துக்கொண்டாள். அந்த அழுகைக்குக் காரணம் நான்கு வருடம் கழித்து அந்த நர்ஸ் பெண் சொன்னபோதுதான் எனக்கே விளங்கியது.

இதைவிட ஒருபடி மேலே போய் முறையாகவே செய்திருக்கிறவர்கள் லண்டன்காரர்கள். அங்கே புஷி பார்க் என்று மான்கள் மேயும் பெரிய பூங்கா. 2004 அக்டோபர் 2-ஆம் தேதி பால் சிண்டன் ஹெவிட் என்பவர் அதில் ஒரு 5 கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார். அவருக்கே அப்போது அடிபட்டு ஓட முடியாத நிலைமை. நண்பர்களைப் பார்க்கவாவது ஒரு சாக்கு வேண்டுமே என்று தொடங்கியது. முதல்நாள் ஓடியவர்கள் 13 பேர். இன்று 'பார்க்ரன்' என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வாராவாரம் நடக்கிறது. சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் நடக்கிறது, அங்கே இருக்கிற என் மாணவர்கள் எட்டிப் பாருங்கள். கட்டணம் இல்லை, நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை.

அதில் எனக்குப் பிடித்தது ஒரு பதவி. 'டெயில் வாக்கர்' என்று பெயர். வாலில் நடக்கிறவர். அவருடைய வேலை கடைசியாக வருவது. யார் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அவர்களுக்குப் பின்னால்தான் இவர் வருவார். ஆகவே அந்த ஓட்டத்தில் ஓடுகிற யாருமே கடைசி ஆள் ஆக முடியாது. எத்தனை எளிய வழி பாருங்கள்! இதைப் படித்தபோது, முப்பது வருடமும் கயிற்றைப் பிடிக்கிற இடத்தில் நிற்காமல் நான் இந்த வேலையைச் செய்திருக்கலாமே என்றிருந்தது.

சரி, இப்போது தம்பி பக்கத்துக்கு வருகிறேன்.

அவன் குழுவில் எழுதியது ஒரே ஒரு சொல்தான். 'குரங்கணி.' அதற்கு மேல் ஒன்றும் எழுதாமல் வெளியேறிவிட்டான். இளையவர்கள் சிலருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறப் போயிருந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த பிள்ளைகள், பெண்கள் நிறையப் பேர். சிலர் அங்கேயே போனார்கள், சிலர் ஆஸ்பத்திரியில் நாட்கணக்கில் போராடிப் போனார்கள். மொத்தம் 23 உயிர். தீக்காயம் பட்டவர்களை நம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். கோரிப்பாளையத்தில் இருக்கிறவர்களுக்கு ஆம்புலன்ஸ் சத்தம் காக்கா சத்தம் மாதிரி, காதில் விழாது. அன்று ராத்திரி விழுந்தது. பனகல் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக. தம்பி அப்போது ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் மெடிக்கல் கடை வைத்திருந்தான். மறுநாள் காலையில் கடைக்கு வந்த அப்பா அம்மாக்களை அவன் பார்த்தான். சீட்டை நீட்டிக்கொண்டு நின்ற ஒருவர், மருந்து வாங்க மறந்து, 'எம்பொண்ணு ஊருக்குப் போறேன்னுதான்பா சொன்னா' என்று அவனிடமே திரும்பத் திரும்பச் சொன்னாராம். ஒரு வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. இதையெல்லாம் பார்த்தவன், தன் மகள் காட்டில் ஓடப் போகிறேன் என்றால் ஒரு சொல்லை எழுதிவிட்டு வெளியேறத்தான் செய்வான். அவனைப் பழமைவாதி என்று எழுதிய பேரன் கொஞ்சம் வாயை அடக்கவும்.

தம்பி பக்கத்துக்கு நானே இன்னொன்றும் சேர்க்கிறேன். 2021 மே 22-ஆம் தேதி சீனாவின் கான்சு மாகாணத்தில், மஞ்சள் ஆற்றங்கரைக் கற்காடு என்ற சுற்றுலாப் பூங்காவில் 100 கிலோமீட்டர் ஓட்டம். 172 பேர் ஓடினார்கள். நடுவழியில் புயல்காற்று, ஆலங்கட்டி, உறைகிற மழை. 21 பேர் குளிரில் விறைத்தே இறந்தார்கள். அந்த நாட்டிலேயே பேர்பெற்ற ஓட்டக்காரரும் அதில் ஒருவர். ஆகவே 'நல்லா ஓடத் தெரிஞ்சா போதும்' என்று யாரும் சொல்ல வேண்டாம். காற்றைத் தடுக்கிற சட்டை கட்டாயம் என்று நடத்தியவர்கள் சொல்லவில்லை. இரண்டாவது சாவடிக்கும் மூன்றாவது சாவடிக்கும் நடுவே செங்குத்தான ஏற்றம், வண்டி போகாத இடம், அங்கேதான் பெரும்பாலோர் மாட்டிக்கொண்டார்கள். ஆறு பேரைக் காப்பாற்றியது யார் தெரியுமா? ஆடு மேய்க்கிற ஒருவர். ஜு கெமிங் என்று பெயர். மழைக்குக் குகையில் ஒதுங்கியிருந்தவர், வெளியே விழுந்து கிடந்தவர்களை உள்ளே இழுத்து, நெருப்பு மூட்டி, போர்வையில் சுற்றி வைத்தார். ஓட்டம் நடத்தியவர்களிடம் வரைபடம் எல்லாம் இருந்திருக்கும். ஆனால் அந்த இடத்தில் நின்றது அந்த ஆட்டுக்காரர்தான்.

குரங்கணியும் கான்சுவும் எனக்குச் சொல்வது 'காட்டுக்குப் போகாதே' என்பதை இல்லை. இந்த இடத்தில்தான் தம்பியோடு பிரிகிறேன். யார் அனுமதி கொடுத்தது, கூட யார் வருகிறார்கள், மாட்டிக்கொண்டால் யார் வருவார்கள், எந்த மாதத்தில் போகிறோம் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் போகாதே என்பதுதான் பாடம். குரங்கணிக்குப் பிறகு அரசு விசாரணை வைத்தது, மலையேற்றத்துக்கென்று அதே வருடம் விதிகள் போட்டது. பிப்ரவரி, மார்ச் காய்ச்சலில் காட்டுத்தீ பயம் இருக்கும்போது பாதைகளை மூடிவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டியாகக் கூட அனுப்புகிற ஏற்பாடு வந்தது. அந்த 40-இல் குரங்கணிப் பாதை ஒன்றும் இருக்கிறது. தம்பி, இதை நீ கவனிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அத்தனை பேரைப் பறிகொடுத்த மலையையே பூட்டிப்போடவில்லை. கூட ஆள் போட்டுத் திறந்திருக்கிறார்கள்.

இப்போது அந்தப் போஸ்டருக்கு வருவோம். நல்ல தாளில் வழவழ என்று இருந்தது. மெடல் படம், டி-ஷர்ட் படம், முதல் மூன்று பேருக்கு எவ்வளவு பரிசுப்பணம் என்று பெரிய எழுத்து. கட்டணம் ஆயிரத்துச் சொச்சம். முதல்முறை ஓடுகிறவளுக்குத் தேவையான ஒரு தகவலும் அதில் இல்லை. சிவப்புப் பேனா எடுக்காமல் என்னால் அதைப் படிக்க முடியவில்லை.

ஆகவே அவர்கள் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் சின்னப் பையன். 'சொல்லுங்கக்கா' என்றான். 66 வயதுக்காரியை அக்கா என்றதற்கே பாதி மதிப்பெண் போட்டுவிட்டேன். கேட்டேன்: பாதை ஒரே நீளமாகப் போகிறதா, சுற்றி அதே இடத்துக்கு வருகிறதா? சுற்றுப்பாதை என்றால் கால் வலித்தவள் அடுத்த சுற்றில் நின்றுகொள்ளலாம். நீளப்பாதை என்றால் நட்டநடுவில் மாட்டிக்கொள்வாள். இரண்டரை கிலோமீட்டர் சுற்று, இரண்டு தடவை என்றான். நல்லது. தண்ணீர் எங்கே? சுற்றுக்கு இரண்டு இடம். போன் சிக்னல்? எல்லா இடத்திலும் இருக்காது, ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் நிற்பார்கள் என்றான். வனத்துறை அனுமதி? எழுத்தில் இருக்கிறது, அனுப்புகிறேன் என்றான், அனுப்பியும் வைத்தான். ஆம்புலன்ஸ்? ஒன்று. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் ஓடினால் திடீரென்று சர்க்கரை இறங்கலாமே, வழியில் குளுக்கோஸ் இருக்குமா? கொஞ்சம் யோசித்தான். 'வாழைப்பழம் இருக்கும்க்கா. குளுக்கோஸும் வச்சிர்றோம்' என்றான்.

கடைசிக் கேள்வி. 'தம்பி, கடைசியா வர்றவங்களுக்காக எத்தனை மணி வரைக்கும் நிப்பீங்க?'

'ஏழரைக்குப் பரிசளிப்புக்கா. ஆறு மணிக்கு ஆரம்பிச்சா எல்லாரும் அதுக்குள்ள முடிச்சிருவாங்க.'

'முடிக்கலன்னா?'

பேச்சு இல்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. முப்பது வருடம் நானே அந்த இடத்தில் நின்றவள் அல்லவா.

அவனிடம் புஷி பார்க் கதையைச் சொன்னேன். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவரை நடக்க விடுங்கள், அவர் வந்து சேரும்வரை கோட்டைக் கலைக்காதீர்கள், வேண்டுமானால் பரிசளிப்பை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கோட்டில் இரண்டு பேராவது இருக்கட்டும் என்றேன். பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். மறுநாள் அவனே கூப்பிட்டான். ஆள் போடுகிறோம், எட்டரை வரை நிற்கிறோம் என்றான். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லியும் கேட்டுப் பார்த்தேன், அது நடக்கவில்லை. முதல்முறை வருகிறவர்களிடம் ஆயிரம் ரூபாய் வாங்கினால் யார் வருவார்கள்? கார் வைத்திருக்கிறவர்கள் வருவார்கள். செல்லூரிலிருந்தும் மதிச்சியத்திலிருந்தும் ஒரு பெண் வர மாட்டாள். டி-ஷர்ட்டும் மெடலும் வேண்டாம் என்கிறவர்களுக்கு நூறு ரூபாயில் ஒரு சீட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்? அதை இங்கேயே பகிரங்கமாகக் கேட்டுவைக்கிறேன்.

'நம்ம மதுரையிலேயே நடத்தலாமே டீச்சர்' என்று ஒரு மாணவன் இன்பாக்ஸில் கேட்டான். அரிட்டாபட்டியில் நடத்தலாம் என்பது அவன் யோசனை. கூடாது என்பேன். அது 2022-இல் அரசு அறிவித்த பல்லுயிர் மரபுத் தலம், தமிழ்நாட்டிலேயே முதலாவது. அந்தப் பாறைகளில் வல்லூறும் கழுகும் கூடு கட்டுகின்றன. டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று அந்த ஊர் ஜனங்கள் தெருவில் இறங்கி, 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்ய வைத்து மீட்ட மண் அது. அங்கே ஒலிபெருக்கி வைத்து ஐந்நூறு ஜோடி ஷூவை இறக்குவது நமக்கு அழகில்லை. போக வேண்டுமானால் வாய் பேசாமல் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஓடுவதற்குக் கண்மாய்க்கரை இருக்கிறது. கீழக்குயில்குடியில் சமணமலை அடிவாரத்தில் தாமரைக்குளமும் ஆலமரமும் இருக்கிற பக்கம் மண்பாதை இருக்கிறது, மலைமேல் கால் வைக்காமல் கீழேயே ஓடலாம். ஊர்க்காரர்களிடம் கேட்டு, நூறு பேருக்கு மேல் போகாமல், பிளாஸ்டிக் கப் இல்லாமல், மார்கழி தை மாதத்தில். ஒலிபெருக்கி இல்லாவிட்டால் என் ஓட்டு உண்டு.

தம்பி மகளுக்கு வருகிறேன். 1996-இல் அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர், ஓடியே பழக்கமில்லாத தன் அம்மாவுக்காக ஒரு பயிற்சிமுறை எழுதினார். ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர். முதல் வாரம் என்ன தெரியுமா? ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை, இப்படி மாறி மாறி இருபது நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், அவ்வளவுதான். உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் இதைப் பிடித்துத்தான் ஓடக் கற்றார்கள். அவள் இப்போது ஐந்தாவது வாரத்தில் இருக்கிறாள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்துக்கு மேலே போகாதே என்று சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் போய்ப் பாதத்தைக் காட்டி, மாத்திரை நேரத்தைக் கேட்டு எழுதி வாங்கிவந்துவிட்டாள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் போன தடவையைவிட இறங்கியிருக்கிறது. தம்பி, அந்தச் சீட்டை உன் மெடிக்கல் கண்ணால் ஒருதரம் பார்.

இன்னொன்றையும் அவளே சொன்னாள், அனுமதி வாங்கிக்கொண்டு எழுதுகிறேன். ரேஸ்கோர்ஸில் ஓடும்போது யாராவது பார்த்தால் உடனே நடக்க ஆரம்பித்துவிடுவாளாம். 'மரத்துக்கு நடுவுல ஓடினா யாரும் பாக்க மாட்டாங்கல்ல அத்தை' என்றாள். அதற்காகத்தான் அவளுக்குக் காடு. சாகசத்துக்காக இல்லை.

நேற்று இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். அவள் ஓடுகிறாள். நான் ஓடவில்லை. அந்தப் பையன் கடைசியில் நடப்பதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தான், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கையில் ஒரு விசிலும் குளுக்கோஸ் பாக்கெட்டும் கொடுப்பார்களாம். தம்பி, ஏழு மணிக்கு நீ முடிவுக் கோட்டுக்கு வந்து நின்றால் நன்றாக இருக்கும். வண்டியில் முன் சீட் உனக்குத்தான், நாலரைக்கு வாசலில் ஹாரன் அடிப்பேன்.

டவுன்ஹால் ரோட்டிலோ அண்ணா நகரிலோ மண்பாதைக்கு ஏற்ற, அடிப்பக்கம் நல்ல பிடிமானம் உள்ள ஷூ நியாயமான விலையில் எங்கே கிடைக்கும்? ஏழாம் நம்பர். தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்க வேண்டும்.